ஒன்பதே முக்கால் அடி

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து வந்தது, அதன் பின்னால் கதையும் வந்தது.

என் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து மைதானம் இருக்கிறது. கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. (சொல்லாவிட்டாலும் செஞ்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். சிக்கலே அதுதான், பின்னால் வரும்.) ஆடி மாதத்தில் ஒருநாள் அங்கிருந்து பந்து தாண்டி வந்து என் ரோஜாத் தொட்டியை உடைத்தது. பந்தைக் கேட்டு வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"முடிச்சிட்டீங்களாக்கா? பந்து குடுங்க."

கொடுத்தேன். போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்க கதை எழுதுறவங்கதானே? எங்க டீமப் பத்தி எழுதுங்களேன்."

"உங்க டீமப் பத்தி எழுத இன்னா இருக்குது?"

"இந்த வருசம் மேல போறதுக்கு சான்ஸ் இருக்குதுக்கா."

அவளுக்கு வெண்மதி என்று பெயர் வைத்திருக்கிறேன். சொந்தப் பெயர் வேறு. வெண்மதி என்றதும் முகத்தைச் சுளித்தாள், பிறகு ஒத்துக்கொண்டாள். அணியின் கேப்டன் அவள்தான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "ராஜகிரிக் கோட்டையின் நிழல் மெல்ல இறங்கி வந்து மைதானத்தைத் தழுவும் மாலை வேளையில்,"

இதற்கு மேல் ஓடவில்லை. எழுதியதெல்லாம் தனக்குக் காட்டவேண்டும் என்பது வெண்மதியின் கட்டளை, அதனால் காட்டினேன். "கோட்டைய உடுங்கக்கா," என்றாள். "செஞ்சின்னாலே எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க. கோட்டையா பாஸ்கெட் போடுது?"

(ஆ) "தோல்வி என்பதையே அறியாத அந்த வீராங்கனைகள்"

பச்சைப் பொய். இவர்களுக்குத் தோல்வி நன்றாகத் தெரியும், அண்டை வீட்டுக்காரி மாதிரி.

(இ) ஆறு கல்லூரிகள். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு இரண்டு முறை ஆட வேண்டும்: ஒருமுறை தன் மைதானத்தில், ஒருமுறை அவர்களுடையதில். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் மண்டலங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போவார்கள். எங்கள் கல்லூரி இதுவரை போனதில்லை. கடைசி இடத்துக்கு வந்ததுமில்லை. மூன்று, நான்கு, மறுபடி மூன்று. பரீட்சையில் தப்பித்து வரும் பிள்ளை போல.

இந்தத் தொடக்கம் வறட்சியாக இருக்கிறது. ஆனால் உண்மை, அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கதாநாயகியைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அவள் அழமாட்டேன் என்கிறாள்.

சிங்கவரத்துப் பெண். அப்பா தனகோட்டிக்கு மணிலாக்கொட்டை* விவசாயம். சைக்கிளில் வந்துபோகிறாள். கல்லூரியில் இது கடைசி வருடம். அடுத்து சென்னையில் உடற்கல்வி படித்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் அந்த இடம் கிடைக்கும், அதற்கு மண்டலங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். ஆக, அணி மேலே போனால் இவள் சென்னைக்குப் போவாள்.

"போகலன்னா?" என்று கேட்டேன்.

"பக்கத்துல வல்லத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல கூப்ட்டிருக்காங்க. போவேன். செத்தா போயிடுவேன்?"

நான் வீட்டுக்கு வந்து, "அவள் கண்களில் நீர் திரண்டது" என்று எழுதினேன். அடுத்த நாள் அவள் படித்துவிட்டு, என் பேனாவை வாங்கி அந்த வரியைத் தானே அடித்தாள். அடித்தது இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் அணிக்கு ஒரு விசித்திரம் நடந்தது. உள்ளூரில் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார்கள், வெளியூரில் எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். போன வருடம் வரை இந்த ஒழுங்கு கிடையாது, எங்கே போனாலும் கொஞ்சம் ஜெயித்துக் கொஞ்சம் தோற்பார்கள். இப்போது வெளியூரில் இவர்கள் எறியும் பந்தெல்லாம் வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பின. இங்கே வருகிற அணிகளுக்கோ பந்து வளையத்தைத் தாண்டிப் போய்ப் பலகையில் அடித்தது.

அணியைப் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி இயக்குநர் இளையபெருமாள், பிள்ளைகள் வாயில் பி.டி. சார், "சொந்த மண்ணுல ஒரு தெம்பு இருக்கும்மா," என்றார். உயரக்காரி பூங்குழலி, மேல்மலையனூர்ப் பெண், அங்காளம்மனுக்கு முடிந்துவைத்த எலுமிச்சம்பழம்தான் காரணம் என்றாள். திண்டிவனத்தில் தோற்றுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது வெண்மதி மட்டும் சொன்னாளாம்: "சார், அவங்க ரிங்கு ஒசரமா இருக்குது."

பி.டி. சார் சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

* நிலக்கடலையை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம். மணிலாவுக்கும் கடலைக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க ஒரு பத்தி எழுதினேன். தனகோட்டிக்கு அதனால் ஒரு மூட்டை கூடுதலாக விளையாது என்பதால் எடுத்துவிட்டேன்.

4

இந்தப் பகுதியைச் சுண்டலோடு தொடங்குகிறேன். ஆயுத பூஜை.

எங்கள் ஊரில் ஆயுதம் என்றால் எல்லாமும்தான். பஸ்ஸுக்கும் பொட்டு உண்டு, தையல் மெஷினுக்கும் உண்டு. கூடைப்பந்து வளையத்துக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகும்? கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம், வளையத்துக்கு ஒரு சாமந்தி மாலை. மாலை கட்டுவது எந்த வருடமும் பூங்குழலிதான். ஆபீஸ் அறையிலிருந்து ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் நுனிக்காலில் நின்று, விரல் நுனியால் எட்டிக் கட்டுவாளாம்.

இந்த வருடம் அதே ஸ்டூலில் ஏறினாள். நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. வளையத்தை முழுக் கையால் பிடித்தாள்.

"ஏய், வளந்துட்டாடி இவ!" என்று கீழே ஒரே கூச்சல்.

"இருவது வயசுல இன்னாடி வளர்த்தி?"

"ஆத்தா குடுத்தது," என்றாள் பூங்குழலி மேலேயிருந்து. அதை எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், சுண்டல் தின்றுகொண்டே.

அப்போதுதான் எனக்கு ஒரு எழுத்தாளர் புத்தி வந்தது. கதையில் "உயரமான வளையம்" என்று மொட்டையாக எழுதி வைத்திருந்தேன். எத்தனை உயரம்? வீட்டிலிருந்து டேப்பை எடுத்துவந்து பூங்குழலியிடம் ஒரு முனையைக் கொடுத்து, மறுமுனையைத் தரையில் வைத்து அளந்துகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. வெண்மதி பந்துகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அன்றிரவே வாக்கியத்தைத் திருத்தினேன்:

"ஒன்பதே முக்கால் அடி உயரத்தில் சாமந்தி மாலையோடு நின்றது வளையம்."

நல்ல வாக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

தீபாவளி முடிந்து வந்த வெண்மதி அந்தப் பக்கத்தைப் படித்தாள். அதற்குள் நிலவரம் தெளிவாகியிருந்தது. எங்கள் அணி மூன்றாவது, திண்டிவனம் இரண்டாவது. பாக்கி ஒரே ஆட்டம், அதுவும் இவர்கள் இருவருக்கும் இடையில், எங்கள் மைதானத்தில், வருகிற சனிக்கிழமை. ஜெயிப்பவர் மேலே போகலாம். உள்ளூரில் தோற்காத அணிக்கு இதைவிட நல்ல சான்ஸ் வராது.

"ஒன்பதே முக்காலா?" என்றாள். "தப்பா எழுதிட்டீங்கக்கா. பத்தடி. ஒலகம் பூரா பத்தடிதான்."

"அளந்துதானே எழுதினேன்."

"டேப்பு பழசா இருக்கும்."

"புதுசு. ஜன்னல் கர்ட்டனுக்கு வாங்கினது."

சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ பூங்குழலி வளரலியா," என்றாள். என்னைக் கேட்டது போல இல்லை.

டேப்பை வாங்கிக்கொண்டு போனாள். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் அளந்தாள், மறுபக்கம் அளந்தாள், மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தாள். திரும்பி வந்து என் சமையலறைப் படியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பக்கமும் அப்படித்தான் இருக்குது. நாலு வெரல் கம்மி."

எப்படி என்பது எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அது நடந்தபோது நான் இதே சுவருக்குப் பின்னால்தான் இருந்தேன். கோடை விடுமுறையில் மைதானத்துக்குப் புதுத் தரை போட்டார்கள். மழைத்தண்ணீர் தேங்குகிறதாம். பழைய தரையைக் கொத்தி எடுப்பார்கள், நாள்முழுக்கச் சத்தம் வரும் என்று பயந்திருந்தேன். கொத்தவில்லை. பழசின் மேலேயே புதிதாக கான்கிரீட்டைக் கொட்டி இழுத்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம். தரை நாலு விரல் உயர்ந்தது, கம்பம் நட்ட இடத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு இந்தப் பெண்கள் தினமும் அந்த வளையத்தில் பழகினார்கள். கையும் அந்த உயரத்துக்குப் பழகிவிட்டது.

"நாங்க நல்லா ஆடுறோம்னு நெனச்சேன்க்கா," என்றாள் வெண்மதி.

அவள் அழவில்லை. நான்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதையும் அவள் அடித்துவிடுவாளோ தெரியவில்லை.

6

இனி முடிவு. எழுதுகிறவளுக்கு இங்கேதான் சுகம் என்பார்கள். எனக்கு இல்லை.

விதி எளிது. முடிந்துபோன ஆட்டங்களை யாரும் தொடமாட்டார்கள், ஆனால் மைதானம் அளவில் சரியில்லை என்று தெரிந்தால் அடுத்த ஆட்டம் எதிரணியின் மைதானத்துக்கு மாறிவிடும். கம்பத்தை உயர்த்துவது ஒருநாள் வேலையில்லை. ஆகவே இவள் வாயைத் திறந்தால் சனிக்கிழமை ஆட்டம் திண்டிவனத்தில், பத்தடி வளையத்தில்.

முடிவு ஒன்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜெயிக்கிறார்கள். மண்டலங்களுக்கு இடையிலான போட்டியில் எறிந்த பந்தெல்லாம் முன் விளிம்பில் பட்டுத் திரும்ப, முதல் நாளே மூட்டை கட்டுகிறார்கள். ஆனாலும் சான்றிதழ் சான்றிதழ்தான். வெண்மதி சென்னைக்குப் போகிறாள், படிக்கிறாள், டீச்சராகிறாள். முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்: "வளையம் பத்தடி உயரம்."

முடிவு இரண்டு. சொல்கிறாள். ஆட்டம் மாறுகிறது, தோற்கிறார்கள். அணியில் யாரும் இவளோடு பேசுவதில்லை. வல்லத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் மின்விசிறிக்குக் கீழே இவளுக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள். இதை மூன்று வரிக்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

முடிவு மூன்று. சொல்கிறாள், ஆட்டம் மாறுகிறது, திண்டிவனத்தில் கடைசி நொடியில் இவள் கையிலிருந்து கிளம்பிய பந்து விளிம்பைச் சுற்றிச் சுற்றி

"இது சினிமாக்கா," என்று இங்கேயே பேனாவை வாங்கிக்கொண்டாள்.

நான் முடிவு ஒன்றின் கட்சி. ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அவள் சென்னைக்குப் போகவேண்டும். "ரெண்டு டீமும் ஒரே ரிங்குலதானே போடுது? இதுல இன்னா திருட்டு?" என்று அவளிடமே வாதாடினேன். கதையைக் கிழித்துப்போடவும் தயாராக இருந்தேன். ஊர் உலகத்தில் இல்லாத கதையா இது?

"அவங்களுக்குத் தெரியாதுல்ல," என்றாள்.

"சரி, பி.டி. சார்கிட்ட சொல்லு. பொறுப்பு அவருக்குப் போயிடும்."

"சொன்னா, ‘சீசன் முடியட்டும்மா’ன்னுவாரு. நானும் சரின்னுடுவேன். அதான்க்கா பயமா இருக்குது."

படியில் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "நைனா காத்துனு இருப்பாரு," என்று எழுந்தாள். "நான் சொல்ற வரைக்கும் இத எங்கயும் அனுப்பாதீங்க. சொல்லாம அனுப்பினா பந்து ரோஜாத் தொட்டியோட நிக்காது."

என் அம்மா மேல் ஆணையாக வாக்குக் கொடுத்தேன்.

7

இந்தக் கதையை ஒரு வார இதழ் கேட்டிருக்கிறது; இன்று ராத்திரிக்குள் அனுப்பினால் இந்த வாரமே அச்சாகி, வியாழக்கிழமையே எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிவிடும். பி.டி. சார் குறுக்கெழுத்துக்காகவே வாங்குகிறவர். திண்டிவனத்து அணியிலும் யாராவது வாங்கலாம். அச்சில் வந்த பிறகு ‘சீசன் முடியட்டும்’ என்று யாராலும் சொல்லமுடியாது. சனிக்கிழமைக்குப் பிறகு வெளியானால் இது வெறும் கதை, அவ்வளவுதான்.

இரண்டு நாளாகப் பயிற்சி முடிந்ததும் வெண்மதியும் பூங்குழலியும் ஊருக்குள் இருக்கும் ஒரு பள்ளி மைதானத்துக்கு சைக்கிளில் போகிறார்கள். இன்று காய்கறி வாங்கப் போனபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆரம்பத்தில் எல்லாம் முன் விளிம்பில் பட்டுத் திரும்பின. நான் கிளம்பும் நேரத்தில் ஒன்றிரண்டு விழுந்தன. ஒன்றிரண்டுதான், கூட்டிச் சொல்லவில்லை. அங்கே வளையம் சரியாகப் பத்தடி. அளந்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். டேப் என்னுடையது, இன்னும் திரும்பி வரவில்லை.

திரும்பும் வழியில் வெண்மதி என் வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அது என்ன வார்த்தை என்பதை நான் எழுதப்போவதில்லை. சனிக்கிழமை யார் ஜெயித்தார்கள் என்பதையும் எழுதப்போவதில்லை, ஏனென்றால் இதை எழுதும்போது இன்னும் செவ்வாய்க்கிழமைதான். ஸ்கோரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் சரி என்று சொல்லாமல் இந்தப் பக்கங்கள் என் வீட்டு வாசலைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது இது உங்கள் கையில் இருக்கிறது. இன்று என்ன கிழமை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.