பெப்போவுக்கு உயிர்ப்பிச்சை

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இங்கிலாந்தின் நாரிச் நகரத்தின் மேல் காலையிலிருந்தே மழை பெய்துகொண்டிருந்தது. குடையை விரிப்பதற்குப் போதாத, விரிக்காமல் நடப்பதற்கு மிகுதியான மழை. 'மூன்று நாரைகள்' மதுவிடுதியின் மேல்மாடி அறையில் மோரீன் தர்ட்டில், கம்பளி நூலால் பின்னப்பட்ட மண்டையோடு ஒன்றின் வாய்க்குள் கையை விட்டாள். உள்ளே ஒரு கைப்பிடி வெள்ளைப் பொத்தான்களும் ஒரேயொரு கறுப்புப் பொத்தானும் கிடந்தன. விரலுக்கு நிறம் தெரியாது. வெளியே எடுத்து உள்ளங்கையை விரித்தபோது கறுப்பு இருந்தது.

"போச்சு. இனிமே இந்தம்மா முன்னாடி யாரும் உக்காரக்கூட முடியாது" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அங்கே கூடியிருந்த நாடக ரசிகர் சங்கத்தின் செயலாளர் நைஜல் சிரிக்கவில்லை. நிலப் பதிவு அலுவலகத்தில் முப்பதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். விளையாட்டின் விதிகளை விளையாட்டாகக் கருதும் வழக்கம் அவருக்கு இல்லை. குளியல் தொட்டியின் அடைப்பானை மாட்டும் சங்கிலியைக் கொண்டுவந்து மோரீனின் கழுத்தில் முறைப்படி அணிவித்தார். இன்று இரவு பத்து மணி வரை மோரீன்தான் மொந்தேல்வோ நகரத்தை ஆளும் கோமகன்.

மொந்தேல்வோ என்றொரு நகரம் எங்கும் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், இத்தாலியைக் கண்ணால் பார்த்திராத யாரோ ஒருவர் இலண்டனில் உட்கார்ந்துகொண்டு இத்தாலியக் கொலைகளைப் பற்றி எழுதிய நாடகத்தில் வரும் ஊர் அது. எழுதியவரின் பெயர் அழிந்துவிட்டது; கொலைகள் தப்பிவிட்டன. ஐந்து அங்கங்களில் பதினோரு பேர் சாகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட எதனால் சாகிறோம் என்பது சரியாகத் தெரியாது. அறிஞர்கள் அந்த நாடகத்தை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்த அறையில் கூடியிருந்தவர்களோ அதன் மீது அடங்காத பித்துக் கொண்டவர்கள். நாடகத்தின் வில்லனான கர்தினாலின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். கோமகளுக்கும் அவளுடைய மைத்துனனுக்கும் இடையில் இருந்தது காதலா இல்லையா என்று இணையத்தில் வாரக்கணக்கில் சண்டையிட்டார்கள். ஆண்டுக்கொரு முறை நவம்பரில் நாடகத்தை ஒத்திகையின்றி நடித்தார்கள். அக்காலத்து நடிகர்களைப் போலவே ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டுதான் தரப்படும். அதில் தன்னுடைய வசனமும், அதற்கு முன்னால் அடுத்தவர் பேசி முடிக்கும் கடைசி மூன்று சொற்களும் இருக்கும், வேறெதுவும் இராது. மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்பது மேடையில்தான் தெரியும்.

நாடகத்துக்கு முன்பாக, பிற்பகலில், நீதிமன்றம் கூடும். சாக வேண்டிய பாத்திரங்களில் ஒன்றைக் காப்பாற்றும்படி எவரும் கோமகனிடம் கருணை மனுக் கொடுக்கலாம். கோமகன் ஏற்றுக் கையெழுத்திட்டால் அந்தப் பாத்திரம் அன்றிரவு சாகாது. மீதி நாடகத்தில் அதை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எப்படியாவது சமாளிக்க வேண்டும். ஒரு வருடம் கர்தினாலுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்து, அவர் ஐந்தாம் அங்கத்தில் பிணங்களுக்கு நடுவே தனியாக நின்று, கீழே விடுதிக்காரர் கடை மூடும் மணியடிக்கும் வரை பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டின் மனு பெப்போவுக்காக.

பெப்போ கர்தினாலின் உணவைச் சுவைத்துப் பார்க்கும் பணியாள். இரண்டாம் அங்கத்தில் சூப்புக் கிண்ணத்தோடு வருகிறான், ஒரு கரண்டி அருந்துகிறான், "உப்புக் கொஞ்சம் குறைவு, பிரபுவே" என்கிறான், செத்துப்போகிறான். அவ்வளவுதான். அந்த ஒரு வரி சங்கத்தாரின் கோப்பைகளிலும் சட்டைகளிலும் அச்சாகியிருந்தது. பெப்போ விழுகின்ற கணத்தில் பார்வையாளர்கள் சிறிய உப்புப் பொட்டலங்களை மேடை மீது வீசுவார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பெப்போவாக நடித்து வருபவன் டெரிக், மோரீனின் கணவன்.

டெரிக் நகரப் பேருந்து ஓட்டியவன். இருக்கையில் அசையாமல் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்த மனிதனுக்கு விழுவதில் இவ்வளவு கற்பனை எங்கிருந்து வந்தது என்று மோரீன் வியந்ததுண்டு. ஒருமுறை முன்வரிசையில் இருந்த எல்லோரிடமும் கைகுலுக்கி விடைபெற்றுவிட்டு விழுந்தான். ஒருமுறை கர்தினாலின் மடியில் விழுந்து, எழ மறுத்து, அவரை அடுத்த காட்சி முழுவதும் சிறைவைத்தான். இன்னொருமுறை அவன் சாவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் மூன்றாம் அங்கம் தொடங்கிவிட்டது. மூலையில் அவன் செத்துக்கொண்டேயிருக்க, கோமகள் தன் காதலை அறிவித்தாள். எப்படி விழப்போகிறான் என்பதை அவன் மோரீனிடம்கூட முன்னதாகச் சொன்னதில்லை.

அவனுக்கு நடுக்குவாதம் என்று மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வலது கை, பிறகு நடை, பிறகு குரல். கடந்த ஏப்ரலில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையில், ஒரு காரணமும் இல்லாமல், அவன் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் மோரீனுக்கு இப்போதும் கேட்கிறது. பெரிய சத்தம் இல்லை. மேசையிலிருந்து ஒரு தடித்த புத்தகம் விழுவது போன்றது. நடிக்கையில் அவன் விழும்போது அதைவிட அதிகமாகச் சத்தம் வரும்.

ஆகவே ஒரு மாதத்துக்கு முன்னால் அவள் பெத்தனியைத் தொலைபேசியில் அழைத்தாள். கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கும் பெத்தனிக்கு இருபத்தாறு வயது. சங்கத்திலேயே அதிகமான பித்து அவளுக்குத்தான். மணிக்கட்டில் சூப்புக் கிண்ணத்தைப் பச்சை குத்தியிருந்தாள். மனுவை நீ எழுது, என் பெயர் வர வேண்டாம் என்று மோரீன் கேட்டுக்கொண்டாள். பெப்போ பிழைத்தால் டெரிக் விழ வேண்டியதில்லை. உன்னால் முடியாது என்று யாரும் அவனிடம் சொல்ல வேண்டியதுமில்லை. கறுப்புப் பொத்தான் வேறு யாருக்காவது போகும், அவர் கையெழுத்திடுவார், காரியம் முடிந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தாள். கணக்கில் தன் கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நைஜல் மனுவை அறிவித்தார். பெத்தனி எழுந்தாள்.

"கோமகனாரே, பெப்போ யாருக்கு என்ன கெடுதல் பண்ணான்? மத்தவங்கல்லாம் ஆளுக்கொரு கொலை பண்ணிட்டுச் சாகுறாங்க. இவன் சூப்பு குடிச்சான். அதுவும் வேலைக்காகக் குடிச்சான். இவ்வளவு வருஷமா இவனச் சாகடிச்சு நாம சிரிச்சிருக்கோம். ஒரே ஒரு தடவ உயிரோட இருக்கட்டுமே. மெழுகுவத்திய வச்சுக்கிட்டு ஓரமா ஒக்காந்திருக்கட்டும். ஒண்ணும் பேச வேணாம். நாங்க பாத்துக்குறோம்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் பெப்போவைப் பற்றியவை அல்ல என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆதரிப்போர் கைகளை உயர்த்தும்படி நைஜல் கேட்டபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆங்கிலேயர்கள் ஒரு வருத்தத்தை நேராகச் சொல்வதற்குப் பதிலாக மேற்கொள்ளக்கூடிய ஏற்பாடுகளில் அதைவிட அன்பானதை மோரீன் கண்டதில்லை. அந்த இரக்கம் அவளுக்கு அப்போது பிடிக்கவுமில்லை.

"எதிர்ப்பு யாராவது?" என்றார் நைஜல். வழக்கத்துக்காகக் கேட்டார். எதிர்ப்பில்லாத மனுவில் கோமகன் கையெழுத்திட்டுத்தான் ஆகவேண்டும் என்பது விதி; எதிர்ப்பு வந்தால்தான் முடிவு கோமகனுடையது.

சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த டெரிக்கின் வலது கை முழங்காலிலிருந்து சிறிது உயர்ந்து நின்று ஆடியது. நைஜல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"டெரிக், தப்பா நினைக்காதீங்க. கை தூக்குறீங்களா, இல்ல அது பாட்டுக்கு ஆடுதா? குறிப்புல எழுதணும்."

"ரெண்டும்" என்றான் டெரிக்.

அறை சிரித்தது. அவன் எழுந்திருக்க முயலவில்லை. குரல் மிகவும் தாழ்ந்திருந்ததால், சிரித்தவர்கள் அதைக் கேட்பதற்காகவே அமைதியானார்கள்.

"பெப்போவ யாரும் கேக்கல. அவனக் கேட்டா சொல்லுவான். அந்த ஒரு கரண்டிக்காகத்தான் அவன் மேடைக்கே வர்றான். அதுக்கப்புறம் அவனுக்கு அங்க வேல இல்ல. மூணு அங்கம் மெழுகுவத்தியப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னா…" அவன் தன் கையைப் பார்த்தான். "என் கையில மெழுகுவத்தியக் கொடுத்தா மொந்தேல்வோவே தீப்பிடிக்கும்."

நைஜல் தேநீருக்காகக் கால் மணி நேரம் ஒத்திவைத்தார்.

மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு பழைய தோல் இருக்கை உண்டு. டெரிக்கை அதில் உட்காரவைத்துவிட்டு, மோரீன் கழுத்துச் சங்கிலியுடன் சுவரோரமாக நின்றாள். கீழே கால்பந்தாட்ட ஒலிபரப்பின் இரைச்சல் கேட்டது.

"நீதானே?" என்றான் டெரிக்.

"என்ன நானு?"

"மனு. பெத்தனி காலையில வந்ததும் என் மூஞ்சியப் பாக்கல, என் இடுப்பத்தான் பாத்தா. அவளுக்கு என் இடுப்பப் பத்தி என்ன அக்கறை? அது உன் துறை."

மோரீன் மறுக்கவில்லை. "நான்தான். திரும்பவும் செய்வேன். நீ விழுந்தா தூக்குறதுக்கு நம்ம வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன், கிழவா."

"சரி. உன்ன நான் தப்பே சொல்லல. கம்பளத்தையெல்லாம் சுருட்டி வச்சே. குளிக்கிற எடத்துல கம்பி போட்டே. படிக்கட்டுக்குக் குழந்தைங்களுக்குப் போடுற மாதிரி கதவு போட்டே. நான் எதாவது சொன்னேனா?"

"கதவுக்குச் சொன்னே."

"கதவுக்குச் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டான். பிறகு இருக்கையில் சாய்ந்துகொண்டான். பேசுவதற்கான மூச்சைச் சேர்த்துக்கொள்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இடையில் புகவில்லை.

"மத்த எடத்துலல்லாம் நான் விழுந்தா ஓடி வர்றாங்க, மோ. இந்த ஒரு எடத்துலதான் கை தட்டுறாங்க."

மோரீன் சங்கிலியை விரலில் சுற்றினாள். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவள் அவள். அச்சத்தோடு வருபவர்களிடம் வலிக்காது என்று சொல்வது அங்கே அவளுடைய வேலையாக இருந்தது. அந்தப் பொய்யின் எல்லா வடிவங்களும் அவளுக்குப் பழக்கம். இப்போது அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை.

"நீ நெஜமாவே விழுந்துட்டேன்னு வச்சுக்க. நடிப்புக்கு நடுவுல. அது எனக்கு எப்படித் தெரியும்?"

டெரிக் யோசித்தான். அவளைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு பதிலைத் தேடுகிறான் என்று முதலில் நினைத்தாள். அப்படியில்லை.

"தெரியாது" என்றான். "எனக்கே தெரியாம இருக்கலாம்."

"இது ஒரு பதிலா?"

"இதுதான் இருக்கு."

"நீ எப்படி விழப்போறேன்னாவது சொல்லு."

"அதெப்படி? நீ இன்னிக்குக் கோமகன். எதிர்க்கட்சிக்காரங்கிட்ட முன்னாடியே சொல்ல முடியுமா?"

அவள் சிரித்துவிட்டாள், சிரித்ததற்காக எரிச்சலுற்றாள். அவன் கையை நீட்டினான். எழுப்பிவிட்டாள். படியேறும்போது அவனுடைய முழங்கையைப் பிடிக்க வேண்டிய இடங்களும் பிடிக்கக்கூடாத இடங்களும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தன. பிடிக்கக்கூடாத இடங்களில் கை ஓர் அங்குல தூரத்தில் கூடவே வந்தது.

நீதிமன்றம் மறுபடி கூடியது. கோமகன் தன் முடிவை எழுத வேண்டிய தாளையும் வாத்திறகுப் பேனாவையும் மைக்கூட்டையும் நைஜல் அவள் முன் வைத்தார். பெத்தனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிடுங்கள், முடிந்தது என்று அந்தப் பார்வை சொன்னது. மேடை என்று அவர்கள் அழைத்தது சுவரோரத்து வெறும் பலகைத் தரையை. அது எவ்வளவு கெட்டியானது என்று மோரீன் இதுவரை கவனித்ததேயில்லை.

"நைஜல், நிபந்தனையோட எழுதலாமா? தரையில ஒரு மெத்தை போடணும்னு."

"முன்னுதாரணம் இல்ல, மோரீன்." நைஜலின் குரல் வழக்கத்தைவிட மென்மையாக இருந்தது. "ஏற்கலாம், மறுக்கலாம். நடுவுல எதுவும் கெடையாது. இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"மெத்தை போட்டா நான் தூங்கிடுவேன்" என்றது சன்னலோரத்துக் குரல்.

யாரும் சிரிக்கவில்லை. மோரீன் இறகை மையில் தோய்த்தாள். அது நைஜலின் சேகரிப்பிலிருந்து வந்தது. பயன்படுத்துவதற்கு மிக மோசமான கருவி. முதல் எழுத்திலேயே மை கொட்டிக் குளமானது. மனு மறுக்கப்படுகிறது என்று எழுதினாள். அடுத்த வரியில் பெப்போ விதிப்படி சாவான் என்று எழுதினாள். அந்த வரியில் கை நின்றது. நின்ற இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு அகன்றுகொண்டே போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முற்றுப்புள்ளியை அதற்குள்ளேயே வைத்தாள்.

கோமகனின் பெயரில்தான் கையெழுத்திட வேண்டும். அவள் மோரீன் தர்ட்டில் என்று எழுதினாள். தாளின் மேல் குனிந்து பார்த்த நைஜல் வாயைத் திறந்தார். பிறகு, அனேகமாக வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பிழையைத் திருத்தாமல் மூடிக்கொண்டார். பெத்தனி தன் மணிக்கட்டை மறுகையால் பொத்திக்கொண்டாள்.

முடிவு யாரைப் பற்றியதோ அவரே அதைப் பெற்றுச் சபைக்குப் படிக்க வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். மோரீன் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு சன்னலோரத்துக்குப் போய்த் தாளை நீட்டினாள். டெரிக் இரண்டு கைகளாலும் வாங்கினான். வாங்கியதும் தாள் படபடக்கத் தொடங்கியது. பெரிய எழுத்துகளில் தேங்கியிருந்த ஈர மை விளிம்பை நோக்கி மெல்ல நகர்ந்தது. தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள மோரீனின் கை எழுந்தது. அதைத் திரும்ப இழுத்து, சங்கிலியின் மேல் வைத்துக்கொண்டாள். டெரிக் அவசரப்படவில்லை. தாளை முகத்துக்கு அருகே உயர்த்தி, உதடுகளைக் குவித்து, அவளுடைய பெயரின் மேல் மெதுவாக ஊதினான். நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, மறுபடி ஊதினான். அறை முழுவதும் மை காய்வதற்காகக் காத்திருந்தது.