ஏழு வீட்டுத் திறப்புகள்

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இரண்டு நாளாக எங்கள் ஒழுங்கையால் போய்வந்தது. தேருக்கு வருகிறவர்கள் தங்க நகை அணிய வேண்டாம், வீட்டில் ஆளில்லை என்பதை முகநூலில் போட வேண்டாம், அறிமுகமில்லாதவர்களை நம்ப வேண்டாம் என்று ஒரு பெண்குரல் பொலிசாரின் அறிவித்தலை வாசித்தது. கடைசி வரி வரும்போது நான் படலையடியிலிருந்து உள்ளே போய்விடுவேன்.

என் கணவரின் அண்ணன் கொழும்பில் காலமாகிப் பதினெட்டு நாள். கணவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். முப்பத்தோராம் நாள் கழியும்வரை எங்களுக்குத் துடக்கு, கோவிலுக்குப் போக முடியாது. இணுவிலில் பிறந்து வளர்ந்த எனக்குத் தேர் பார்க்காமல் வீட்டில் இருப்பது புதிதல்ல. ஆனால் தேரன்று காலை ஏழு மணியாகியும் என்னிடம் ஒரு திறப்புக்கூட வராதது புதிது.

எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். தேரன்று எந்தப் பெண்ணுக்குத் துடக்கோ அவளிடம் மற்ற வீடுகளைப் பூட்டிய திறப்புகள் எல்லாம் வந்துவிடும். மாதவிலக்கோ சாவோ, எப்படியும் ஒருத்தி மிஞ்சுவாள். யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. முழுகிய ஈரத்தலையோடு வருவார்கள், அவளைத் தொட்டுவிடாமல் நிலத்தில் திறப்பை வைப்பார்கள், போய்விடுவார்கள். கைபடக் கூசியவர்கள் முழு வீட்டையும் அல்லவா அவளிடம் விட்டுப்போனார்கள்? அவமதிப்பா, நம்பிக்கையா? இத்தனை வயதாகியும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதினான்கு வயதில் முதல் தடவையாக அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவும் கோவிலுக்குப் போன பிறகு ஒழுங்கையில் கோழிகளும் நானும்தான். தூரத்தில் தவில் கேட்டது. பாவாடை மடியில் திறப்புகள் கனத்தன. ஒவ்வொரு வீடாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனேன். அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாதபோது வேறொரு மணம் இருந்தது.

எதிர்வீட்டு நாகேஸ்வரி அக்காவுக்கு அந்த ஆவணியில் கலியாணம். அதற்குச் செய்வித்த பதக்கஞ் சங்கிலி அலுமாரியில் இருந்தது. நடுவில் ஒரு சிவப்புக்கல். எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். தேர் வெளிக்கிடும் வெடி கேட்கும்வரை நின்றேன். பிறகு கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். ஆவணியில் அக்கா அதை அணிந்து மணவறையில் இருந்தபோது, எனக்கும் அந்தச் சங்கிலிக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

போரும் இடப்பெயர்வும் முடிந்து திரும்பி வந்தபோது ஒழுங்கையில் பாதிப் பேர் புதியவர்கள். திறப்புகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் எதிர்வீட்டு நாகேசக்காவின் திறப்பு மட்டும் என்னிடம் வந்தது. போன வருடம் முழங்கால் வீங்கி நான் தேருக்குப் போகவில்லை. வழக்கம்போலத் தந்துவிட்டுப் போனார்.

அன்று ஒன்பது மணியளவில் ஸ்கூட்டியில் ஒரு பெண்ணும் பையனும் வந்து இறங்கினார்கள். பட்டுச்சேலை, பட்டுவேட்டி, கையில் சொக்லேற் பெட்டி. மதுரா அக்கா வீடு இதுதானே என்று கேட்டார்கள். மதுரா நாகேசக்காவின் மகள், கனடாவிலிருந்து வந்திருந்தாள். யாருடைய பிள்ளை என்று நாங்கள் எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

"ஆற்றை பிள்ளை?"

அந்தப் பெண் வாய் திறக்க முன்னரே அவளுடைய முகத்தில், அந்த நாடியில், எனக்குத் தெரிந்த ஒருத்தியின் சாயல் பட்டுவிட்டது.

"உரும்பிராய்ப் பாலேஸ்வரியின்ரை மகளோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப கனடாவிலையிருந்துதான் வந்தனீங்கள்?"

"ஓம் அன்ரி."

"அம்மாவின்ரை ஒப்பரேசன் முடிஞ்சுதோ?"

"ஓம் அன்ரி, இப்ப சுகம்."

பைகளை வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போகவேணும் என்றார்கள். திறப்பைக் கொடுத்தேன். தேத்தண்ணி போட்டு எடுத்துவரும்போது ஸ்கூட்டி இல்லை, பதக்கஞ் சங்கிலியும் இல்லை. பொலிசுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. பெயர், ஊர், நாடு, தாயின் நோய் எல்லாவற்றையும் சொன்னது நான். அவள் சொன்னது ஓம் மட்டும்.

நாகேசக்கா ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுதிருக்கலாம். மழையைப் பற்றியும் முருங்கைக்காய் விலையைப் பற்றியும் முன்போலவே கதைத்தார். திறப்பை மட்டும், சந்தைக்குப் போகும்போதுகூட, தன்னோடேயே கொண்டுபோனார். மதுரா வீட்டு முன்னால் இரண்டு கமெரா பூட்டுவித்தாள். அந்த ஒரு வருடமும் என் வீட்டு யன்னலைத் திறக்கும்போதெல்லாம் அவை என்னைத்தான் பார்ப்பதாகத் தோன்றும்.

இன்றைக்கு ஒவ்வொரு படலையாகப் பூட்டுவது கேட்டது. வான்கள் போயின. நாகேசக்காவின் காரும் போனது. இந்த முறையும் வந்திருந்த மதுராதான் ஓட்டினாள். நான் படலையடியில் நின்றேன். யாருக்கும் தேவைப்படாமல் ஒரு துடக்குக்காரி.

ஒழுங்கை முகப்பில் கார் நின்றது. நாகேசக்கா இறங்கி ஈரத்தலையோடு தனியாக நடந்து வந்தார். குனிந்து, எனக்கு முன்னால் நிலத்தில் திறப்பை வைத்தார்.

"கமெரா இருக்குத்தானே அக்கா?" என்றேன்.

"அது பாத்துக்கொண்டுதான் நிக்கும். வாறவனை ஆரெண்டு கேக்காது."

"நான் பதக்கத்தைத் துலைச்சனான்."

"ஒரு வருசம் கோவமாத்தான் இருந்தனான் பத்மா. இனிக் காணும், போதும்."

அப்போதுதான் அது என் வாயிலிருந்து தானாக வந்தது.

"அதை நான் சின்னனிலை ஒருக்கால் களவாப் போட்டுப் பாத்தனான், அக்கா."

"தெரியும். கொக்கியை மற்றப் பக்கத்தாலை கொழுவி வைச்சிருந்தாய்." அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "அதுக்குப் பிறகும் எத்தினை தேருக்குத் திறப்புத் தந்தனான்."

மதுரா ஹோன் அடித்தாள். இரண்டடி போன அக்கா திரும்பினார்.

"ஆரும் வந்தால் ஆற்றை பிள்ளையெண்டு கேள். மறுமொழியை நீ சொல்லாதை."

ஒன்பதரைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பையன். நாகேஸ்வரி அன்ரி வீடு இதுவோ என்றான்.

"நீங்கள் ஆற்றை பிள்ளை?"

அவனுடைய காது எனக்குத் தெரிந்த யாருடையதோபோல் இருந்தது. ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டேன். நான் எடுத்துக் கொடுப்பேன் என்பதுபோல அவன் சிரித்துக்கொண்டு காத்திருந்தான். கோவில் பக்கம் வெடி கேட்டது. தேர் வெளிக்கிட்டுவிட்டது. நான் காத்திருந்தேன்.

பிறகு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனான். கள்ளனோ, காணாமல் இருந்த ஒரு சொந்தக்காரனோ, எனக்குத் தெரியாது. திறப்பு என் மடியில் இருந்தது.