காற்றுதான் என்றார்

ஆவுடையார்கோவிலிலிருந்து மணமேல்குடிக்குப் போகும் சாலையில் இருந்த அந்தச் சைவ மடத்துக்கு ஆத்மநாத தேசிகர் தலைவரானது 1948இல். பொன்னமராவதிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மீசை அரும்பும் வயதில் காவி வாங்கியவர். அவருடைய குரு கண்மூடும் முன் சொன்னது ஒன்றுதான்: "பூஜை மட்டும் எதுக்காகவும் நிக்கக்கூடாது." அதைத் தேசிகர் எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் கிடந்தாலும் குளித்துவிட்டு வந்து மணியைக் கையில் எடுப்பார்.

1955இல் பெரும்புயல் அடித்த அன்று மடத்தில் குருபூஜை. காலையிலேயே வானம் இருண்டுவிட்டது. வெளியூர்ச் சனம் யாரும் வரவில்லை. பெரிய கதவைத் தாழிடச் சொல்லிவிட்டுத் தேசிகர் அபிஷேகத்தைத் தொடங்கினார். பாதியில் கதவை யாரோ தட்டினார்கள். கல்லை எடுத்து இடிப்பது போன்ற சத்தம். ஒரு பெண்ணின் குரலும் காற்றோடு வந்தது. பக்கத்தில் பால்குடம் ஏந்தி நின்ற மடத்துத் துறவி அய்யாக்கண்ணுத் தம்பிரான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"சாமி, கதவுல யாரோ..."

"காத்துதான்," என்றார் தேசிகர். "பால ஊத்துங்க."

பூஜை முறைப்படி முடிந்தது. கதவைத் திறந்தபோது வாசல் மண்டபத்தின் ஓட்டுக்கூரை சரிந்து கிடந்தது. கடற்கரையிலிருந்து தப்பி வந்தவர்கள் மதிலோரம் ஒடுங்கி நின்றார்கள். நூர்நிஷா என்ற மீன்காரப் பெண்ணின் மடியில் அவள் மகள் ரசியா கிடந்தாள். கூரை விழுந்ததில் தலையில் அடி. உயிர் இல்லை.

நூர்நிஷா யாரையும் ஏசவில்லை. பிள்ளையைப் போர்த்த வெள்ளைத் துணி வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அய்யாக்கண்ணு ஒரு கோடி வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர்களுக்குச் சோறு போடச் சொல்லிவிட்டுத் தேசிகர் உள்ளே போய் உட்கார்ந்தார். பிரசாதத்தைக் கையில் எடுத்தவருக்கு அது வாய்க்குப் போகவில்லை.

ஊர் வேறு மாதிரிப் பேசியது. அப்பேர்ப்பட்ட புயலிலும் சாமி பூஜையை விட்டு அசையவில்லை என்ற பேச்சு புதுக்கோட்டை வரை போனது. பார்க்க வந்தவர்கள் காலில் விழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஒருநாள் அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அன்னைக்கி ஒங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"காத்துன்னு சொன்னீங்களே சாமி. காத்துதான்."

அய்யாக்கண்ணு பொய் சொல்லவில்லை. தேசிகரின் வாய்ச்சொல்லை அப்படியே நம்பிவிட்டிருந்தார். தேசிகருக்கு அது இன்னும் கனத்தது.

மறு வருஷம் குருபூஜைக்கு முன் தேசிகர் பஸ் ஏறி மணமேல்குடிக்குப் போனார். கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த நூர்நிஷா அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க சாமி. வெயிலா இருக்கு, இங்கிட்டு நெழல்ல வாங்க."

அவர் நிழலுக்குப் போகவில்லை. "தாயி, அன்னைக்கி நீ கதவத் தட்டுனது எனக்குக் கேட்டுச்சு."

அவள் கையில் எடுத்த மீன் கையிலேயே இருந்தது. "நல்லாக் கேட்டுச்சா?"

"ஒன் கொரலும் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் காத்துன்னு சொன்னேன். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அவள் மீனைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "உள்ள கேட்டிருக்காதுன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன் சாமி. கேட்டிருந்தா தொறந்திருப்பாங்கன்னு. அப்புடி நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன். இனி எத நெனக்கிறது?"

தேசிகர் வெயிலிலேயே நின்றார்.

"சொல்லிட்டீங்க. போயிட்டு வாங்க," என்று அவள் திரும்பி மீனைப் பரப்பத் தொடங்கினாள்.

தன் பாரத்தை இறக்கி வைக்கப்போய் அவளிடம் மிச்சமிருந்ததையும் பறித்துக்கொண்டு வந்துவிட்டோம் என்பது அவருக்குப் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

குருபூஜைக்குக் கூடியிருந்தவர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை பணிவு என்று கைகூப்பினார்கள். அதன்பின் அவர் அங்கே நிற்கவில்லை. அன்றே பட்டத்தை அய்யாக்கண்ணுவிடம் ஒப்படைத்தார். பூஜை நேரத்தில் கதவைச் சாத்தக் கூடாது என்பது மட்டும் அவர் கேட்டுக்கொண்டது.

1963இல் இறக்கும்வரை மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தார். மணமேல்குடிக்கு மறுபடி போகவில்லை. கருவாட்டுக் கூடையோடு பெண்கள் சாலையில் வருவது தெரிந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அவர்களில் நூர்நிஷா இருந்தாளா இல்லையா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.