தனியாக இறங்கிய முள்

மண்வெட்டி கெட்டியான எதன் மேலோ இடித்தது. வண்டியா, அண்ணனின் எலும்பா என்று யோசிக்க பிரின்னுக்கு நேரமில்லை. மண்வெட்டியை வீசிவிட்டுக் கையாலேயே பனியைப் பறித்தாள். கவிழ்ந்து கிடந்த ஸ்னோமொபைல் என்ற பனிவண்டிக்கு அடியிலிருந்து இவ்வளவு நேரம் அண்ணன் டால்டனின் முனகல் வந்துகொண்டிருந்தது. இப்போது அது நின்றுவிட்டது.

அவள் வலக்கையில் இரண்டு நகங்கள் ஏற்கெனவே கறுத்திருந்தன. அதுவும் அவன் கொடுத்ததுதான்.

போன சனிக்கிழமை, மலையடிவாரத்தில் வண்டிகளை இறக்கும் இடத்தில், அவனுடைய டர்போ வண்டியின் இரண்டு மீட்டர்களும் பேயாடின. பெட்ரோல் அழுத்தத்தின் முள்ளும் இன்ஜின் சூட்டின் முள்ளும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. பிரின் பானட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே எர்த் வயர், அது லூசாக இருக்கிறது என்றாள். சொன்னது சரியாகவும் இருந்தது. டால்டனால் பொறுக்க முடியவில்லை. மான்கறி வற்றலை மென்றபடி நின்ற நண்பர்கள் நாலு பேர் முன்னால், அவள் கை உள்ளே இருக்கும்போதே பானட்டைச் சாத்தினான்.

"பதினாறு வயசு மெக்கானிக் மேடம், கையை எடுக்க மறந்துட்டீங்களே" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ராத்திரி அப்பாவிடம் விரலைக் காட்டினாள். அப்பா லைல் பழைய மெக்கானிக். விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒடியவில்லை, அவன் வண்டிப் பக்கம் போகாதே என்று முடித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் அந்த எர்த் வயரை வெட்டிப் புது முனை வைத்து முறுக்கிக் கொடுத்தது அவள்தான். டால்டன் கேட்டுக்கொள்ளவில்லை, உத்தரவு போட்டான்.

இன்று நண்பர்கள் யாரும் வரவில்லை. தனியாக மலையேறக் கூடாது என்பது அந்த ஊரில் யாரும் மீறாத வழக்கம். சரிவில் ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கீழே ஒதுங்கி நின்று, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கீழே நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டதால் அவளை இழுத்து வந்தான். வழியெல்லாம் அவள் விரலைப் பற்றியே நையாண்டி.

பாதிச் சரிவில் அவன் குரல் ரேடியோவில் கரகரத்தது.

"ஏய், பிரஷர் முள்ளு மட்டும் இறங்குது. சூட்டு முள்ளு அப்படியே நிக்குது. மறுபடியும் உன் வயர்தானா?"

வயர் என்றால் இரண்டும் விழும். ஒன்று மட்டும் விழுந்தால் பெட்ரோல் நிஜமாகவே போய்ச் சேரவில்லை. டர்போ காற்றைத் திணிக்க, பெட்ரோல் குறைய, பிஸ்டன் உருகி இன்ஜின் இறுகிப் போகும். இது அவளுக்குத் தெரியும். பதில் சொல்ல ரேடியோவின் பித்தானை அழுத்துவதற்கு முன்பே தெரியும்.

"வயர்தான். ஆக்சிலேட்டர்லேர்ந்து கையை எடுக்காத, அழுத்து" என்றாள்.

இன்ஜின் போகும், அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து இறங்குவான், திங்கட்கிழமை ஊரே சிரிக்கும். அவள் நினைத்தது அவ்வளவுதான். வண்டி சரிவின் செங்குத்தான இடத்தில் செத்து, பின்னால் மல்லாந்து, அவனையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் தோண்டும்போது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

முகத்தைத் தோண்டி எடுத்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. வாயிலிருந்த பனியை விரல் விட்டு வழித்தாள். இருமினான். ஹெலிகாப்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. சரிவில் ஏறியது, ரேடியோவில் பேசியது எதுவும் நினைவிலும் இல்லை. வருகிற நர்ஸ்களிடமெல்லாம், முன்பல் இரண்டு போன வாயால், தங்கச்சிதான் தோண்டி எடுத்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாழ்நாளில் முதல் முறையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கறுத்த நகம் அழுந்தியது. பிரின் கையை இழுக்கவில்லை.

அப்பா கதவருகே வந்து நின்றார். கையில் கிரீஸ் காயவில்லை. நேராக ஷெட்டிலிருந்து வந்திருக்கிறார்.

"வண்டியப் பிரிச்சுப் பாத்தேன். பிஸ்டன் ஓட்டை. பெட்ரோல் பம்ப்போட வடிகட்டி அடைச்சிருக்கு" என்றார். "எர்த் வயரையும் இழுத்துப் பாத்தேன். கல்லு மாதிரி நிக்குது. உன் வேலை சுத்தம்மா."

அப்பா அவள் வேலையைப் புகழ்ந்து அவள் கேட்டதில்லை.

"அப்போ வயர்ல கோளாறு இல்ல, முள்ளு நிஜமாவே இறங்கிருக்கணும். அவன் அதைப் பாக்காம ஏற மாட்டான். பாத்தா உன்கிட்டதான் கேட்டிருப்பான்."

டால்டனும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கையை இன்னும் விடவில்லை.

"ரேடியோல என்னம்மா சொன்னான்? ரெண்டு முள்ளும் விழுந்துச்சுன்னு சொன்னானா, ஒண்ணு மட்டும்னு சொன்னானா?"