ஈரம் காயாத வண்டி

வக்கீலம்மாவின் கறுப்புக் காரில், பானெட் மேல் ஊற்றிய தண்ணீர் அசையாமல் படுத்துக் கிடந்தது. பெயின்ட்டைக் காக்கச் செராமிக் கோட்டிங் பூசிய வண்டியில் தண்ணீர் இப்படிப் படுக்கக் கூடாது. உருண்டு திரண்டு, போகிற போக்கில் தூசியையும் அள்ளிக்கொண்டு ஓடிவிட வேண்டும். இதுவோ மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரிச் சாவகாசமாகக் காலை நீட்டியிருந்தது.

"மூணு வருஷம் தாங்கும்னு சொன்னீங்க. முழுசா ஒண்ணரை வருஷம்கூட ஆகல" என்றார் வக்கீலம்மா. "நீங்க பூசினது கோட்டிங்தானா, இல்ல பாட்டில்ல பிடிச்ச குழாத்தண்ணியா?"

கோட்டிங் போட்டவளுக்குச் சுருக்கென்றது. மாமனாரின் அந்தக் கார் பட்டறையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். மற்றவர்கள் பளபளப்பைப் பார்க்கும் இடத்தில் அவள் கீறலைப் பார்ப்பாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மூச்சு பட்டால்கூடப் பெயின்ட் நோகுமோ என்கிறமாதிரி வேலை செய்கிறவளைப் பார்த்துக் குழாத்தண்ணியாம்!

பக்கத்தில் நின்ற கொழுந்தன் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியதை எல்லாம் காலையிலேயே திறந்தாகிவிட்டது. நேற்று மாலை வக்கீலம்மா போனில் கத்தியதிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணியைச் சீக்கிரமாக வரச் சொல்லி, அவள் வாசலில் கால் வைத்ததும் கையை நீட்டினான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இது தெளிவாகிற வரைக்கும் கோட்டிங் ரூம் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

தெளிவாகிற வரைக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அவனுடைய மச்சினன் அந்த அறையின் மேல் கண் வைத்துப் பல மாதமாயிற்று. சரக்கு போலி என்று இன்றைக்கு ஆகிவிட்டால், நாளைக்கு அந்த அறையில் அவன் நிற்பான். இவள் வெளியே நின்று சக்கரம் கழுவ வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. கலப்படக்காரி என்ற பேரோடு கழுவ வேண்டுமே, அதுதான் பொறுக்கவில்லை.

"உடனே செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்கம்மா" என்றாள். "மேல உப்பும் அழுக்கும் படிஞ்சு மூடிட்டாலும் இப்படித்தான் இருக்கும். கீழ கோட்டிங் உயிரோட இருக்கலாம்."

உப்புக்கறை எடுக்கும் ஷாம்பூவைக் கலந்தாள். பானெட்டில் பாதியை மட்டும் மெல்லத் துடைத்தாள், அலசினாள். பிறகு ஒரு குவளை தண்ணீரை எடுத்தாள். எத்தனையோ வண்டியில் எத்தனையோ முறை ஊற்றிய தண்ணீர்தான். இன்றைக்குக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஊற்றினாள். தண்ணீர் படுத்தது.

"போதுமா?" என்றார் வக்கீலம்மா. கொழுந்தன் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சுக்கு அவனை இரண்டு அறை விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இன்னும் ஒரே ஒரு இடம்" என்று முன்கதவைத் திறந்தாள். கதவைச் சாத்தினால் உள்ளே மறைந்துவிடும் விளிம்பு அது. அங்கே யாரும் கோட்டிங் போட மாட்டார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். அவள் போடுவாள். அதுதான் பூதக்கண்ணாடி.

விரல் நுனியால் தண்ணீரைத் தெளித்தாள். ஒரு சொட்டு நிற்கவில்லை. குண்டு குண்டாகத் திரண்டு, விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடியது.

"பாத்தீங்களா! அதே பாட்டில், அதே நாள், அதே கை. போலின்னா இங்க மட்டும் எப்படி வேலை செய்யுது?"

வக்கீலம்மா குனிந்தார். தானும் ஒருமுறை தெளித்துப் பார்த்தார். குரல் ஒரு படி இறங்கியது. "அப்ப வெளியில மட்டும் ஏன் போச்சு? எங்க டிரைவர் கண்ட சோப்பையும் போட்டுத் தேய்க்கிறானோ என்னவோ."

அப்பாடா, போதும் என்று விட்டிருக்கலாம். யாரோ முகம் தெரியாத டிரைவர் தலையில் பழி விழுந்திருக்கும், சாவி திரும்பி வந்திருக்கும். ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. டிரைவர் என்ன சோப்பு போட்டாலும் இவ்வளவு சீக்கிரம் மொத்தமாகப் போகாது. போட்ட புதிதில், அது இறுகுவதற்கு முன்னால், தண்ணீர் பட்டிருந்தால்தான் இப்படிப் போகும்.

"வண்டி எடுத்துட்டுப் போன அன்னிக்கு மழையாம்மா?"

"மழையெல்லாம் இல்ல. இதோ நிக்கிறாரே உங்க கொழுந்தன், இவரு சாவியக் குடுத்து, 'ஒரு வாரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. வண்டியே சொட்டச் சொட்ட நனைஞ்சுதான் நின்னுச்சு!"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அந்த ஒரு வாரப் பேச்சு வாடிக்கையாளருக்கு மட்டும்தான் என்பதுபோல் அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அதே நேரத்தில் பின்முற்றத்தில் மோட்டார் உறுமியது. தொடர்ந்து, குழாயிலிருந்து தண்ணீர் தகரத்தில் மோதும் சத்தம்.

"பின்னாடி என்ன வண்டி நிக்குது?"

"நேத்து நீங்க கோட்டிங் போட்டீங்களே, அந்த நீல வண்டி. டெலிவரிக்கு வெளியே எடுத்து விட்டுட்டுத்தான் ரூமைப் பூட்டினேன். அப்பா எப்பவும் போல..."

அவள் அவன் முடிக்கும்வரை நிற்கவில்லை. ஓடினாள்.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீல வண்டியின் கூரையில் குழாயைப் பிடித்திருந்தார். முகமெல்லாம் பல்.

"என்னம்மா, இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்ட? தினமும் உன் பொண்ண ஸ்கூல்ல விட்டுட்டு நீ வர்றதுக்குள்ள வண்டி போயிடும், நீ இத பாத்ததே இல்லையே. வா, பாரு! தண்ணி எப்படித் தெறிச்சு ஓடுது பாரு!"

"மாமா, நிறுத்துங்க!"

"ஏம்மா? காஞ்ச வண்டியவா ஆள் கையில குடுக்கறது? ஒத்த வாளியோட இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். என் கையால கடைசியா ஒரு தண்ணி படாம இங்கேருந்து ஒரு வண்டி போனதில்ல. அதுவும் நீ வேலை செஞ்ச வண்டின்னா ரெண்டு அலசு கூடவே அலசுவேன்."

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். நான் திருடியில்லை, கேட்டுக்கோ என்று கொழுந்தன் காதில் கத்த வேண்டும்போல் இருந்தது. அடுத்த கணமே அவர் சொன்னது உறைத்தது. நீ வேலை செஞ்ச வண்டின்னா. அப்படியென்றால் பல் டாக்டரின் வெள்ளை வண்டி? கல்யாண மண்டபத்துக்காரரின் சிவப்பு வண்டி? அவள் விடிய விடிய நினைத்துப் பெருமைப்பட்ட அத்தனை வண்டியும்? அத்தனையையும் இந்தக் குழாய் பார்த்திருக்கிறது. மூன்று வருஷம் தாங்கும் என்று அவள் சொன்ன வாக்கு ஒன்றுகூடத் தாங்கவில்லை.

ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லச் சொன்னவள், வீட்டில் இருக்கிற இவரிடம் சொல்லவில்லை. இவரிடம் போய் வண்டி கழுவுவதைப் பற்றி யார் பேசுவார்கள்?

மாமனார் அவள் முகத்தைப் பார்த்தார். பின்னாலேயே வந்து நின்ற மகனையும் வக்கீலம்மாவையும் பார்த்தார். குழாயின் வாய் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

"நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனாம்மா?"

கொழுந்தன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவளுக்கும் இல்லை மாமா என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. பொம்பளைக்கு எதுக்குத் தனி ரூம் என்று வீடே கேட்டபோது, 'அவ கண்ணு உங்க யாருக்கு இருக்கு?' என்று சாவியைத் தூக்கிக் கொடுத்தவர் இவர். கப்பலில் இருக்கும் அவள் புருஷன்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இவரிடம் எப்படிச் சொல்வது?

"ஆமா மாமா" என்றாள். "இது காயணும். ஒரு வாரத்துக்குத் தண்ணியே படக் கூடாது. பட்டா போச்சு."

"எல்லா வண்டியுமா?"

"எல்லா வண்டியும்."

அவர் குழாயை மூடினார். வெயில் சுவரைத் தாண்டி நீல வண்டியின் கூரையில் ஏறிக்கொண்டிருந்தது. துளிகள் இருந்த இடத்திலேயே காய ஆரம்பித்துவிடும், காய்ந்தால் வடு விழுந்துவிடும். அவளுக்கு அப்போதுதான் சுரணை வந்தது.

"துணி! ரூம்ல பஞ்சுத் துணி இருக்கு, ஓடுங்க!"

கொழுந்தன் சட்டைப் பையைத் துழாவினான். பேண்ட் பையைத் துழாவினான். கடைசியில் சாவியை எடுத்து, "நீங்களே திறங்க அண்ணி" என்று அவள் கையில் வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

துணிக்கட்டோடு ஓடி வந்தாள். கொழுந்தனுக்கு ஒன்று, கேட்காமலே கை நீட்டிய வக்கீலம்மாவுக்கு ஒன்று.

"இத முடிச்சதும் பழைய வண்டி எல்லாத்தையும் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிடணும்" என்றாள். "நடந்தத மறைக்காம சொல்லித்தான் கூப்பிடணும்."

"என் வண்டி ஏற்கெனவே வந்து நிக்குது. அதுலேருந்தே ஆரம்பிங்க" என்றார் வக்கீலம்மா, கூரையை எட்டித் துடைத்தபடி.

மாமனார் மட்டும் ஒதுங்கி நின்றிருந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு வண்டிக்கு அருகே வந்து கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா. எப்படித் துடைக்கணும், சொல்லு."

அவள் காய்ந்த துணி ஒன்றை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"தேய்க்காதீங்க மாமா" என்றாள். "சும்மா ஒத்தி எடுங்க."