கை எட்டாத இடம்

என் வேலை முதுகு. அப்படித்தான் சொல்ல வேண்டும். எழுந்திருக்க முடியாமல் படுத்தே கிடக்கிறவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, புண் வராமல் எண்ணெய் தடவிவிடுகிற ஆஸ்பத்திரி ஆயா நான். அதிகாரம் பண்ணியவர், ஊரை ஏமாற்றியவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டால் யாரும் நம்மை முறைக்க முடியாது.

எங்கள் வார்டில் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். பின்னால் நிற்கிறவளின் கை எப்போது வரும் என்று படுத்திருப்பவருக்குத் தெரியாதே. அதனால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "கை வைக்கப்போறேங்க, பயப்படாதீங்க" என்போம். நினைவு தப்பியவருக்கும் அந்த 'ங்க' குறையக் கூடாது. வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் போட்ட சட்டம் அது. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் முதுகின் கதை வேறு. சின்ன வயதிலிருந்தே காய்ந்துபோகிற தோல். தினமும் களிம்பு போடாவிட்டால் வெடித்து ரத்தம் கசியும். கல்யாணமானதிலிருந்து அதைப் போட்டுவிட்டது அவர்தான். குளித்துவிட்டு வந்து, "என்னங்க" என்று ஒரு குரல் கொடுப்பேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வருவார். "இங்கயா? இன்னும் கீழயா?" என்று தெரிந்துகொண்டே கேட்பார். சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருந்த நாட்களிலும் வருவார். பேசாமல் போட்டுவிட்டுப் போவார். அதை வைத்துத்தான் நான் ஏமாந்தேன். இப்படிப்பட்ட மனுஷன் எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

போனார். வேறொரு வீட்டுக்கு, வேறொருத்தியிடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "களிம்பு தீரப்போகுது, வாங்கி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அக்கறையை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா போனில் கத்துவாள். "விட்டுட்டுப் போனவனுக்கு இன்னும் என்னடி 'அவர்'? 'அவன்'னு ஒரு தடவை சொல்லிப் பாரு. நெஞ்சு லேசாகும்."

"வாய் வரலக்கா."

"உன்னை நீயே எருமை, மூதேவின்னு திட்டிக்கிறியே, அதுக்கு மட்டும் நல்லா வருதா?"

போனை வைத்துவிட்டேன்.

வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் 'எங்க வீட்டுக்காரர்' என்று ஆரம்பித்து, பழைய கதைகளையே சூடு பண்ணிப் பரிமாறிக்கொண்டிருந்தேன். முதுகை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் குனிந்து கட்டிலை நகர்த்தும்போது பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, சட்டையில ரத்தம்?" தன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தவர் பதறிவிட்டார். "இப்படிப் பாளம் பாளமா வெடிச்சிருக்கு! இதோட நோயாளிங்களத் தொடக் கூடாது. ஒரு வாரம் லீவு போடு. ஆறலைன்னா துணி மடிக்கிற இடத்துக்கு மாத்திடுவேன். வீட்டுக்காரர ஒழுங்கா மருந்து போட்டுவிடச் சொல்லு."

"சொல்றேங்க சிஸ்டர்."

துணி மடிக்கிற இடத்தில் மனிதர்கள் கிடையாது. நான் கை வைத்ததும் யாரோ ஒருவர் "அப்பாடா" என்று மூச்சு விடுவாரே, எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் நான் எதற்கு?

அன்று சாயங்காலம் குளித்துவிட்டுக் களிம்போடு மல்லுக்கட்டினேன். கரண்டியில் துணியைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். சுவரில் பூசி முதுகைத் தேய்த்தேன். பாதி சுவருக்கே போயிற்று. அந்தச் சுவரில் இனி வெடிப்பு வராது. ஆத்திரத்தில், பழக்கதோஷத்தில், வாய் "என்னங்க" என்று கூப்பிட்டுவிட்டது.

டிவி சத்தம் குறையவில்லை. டிவி ஓடவே இல்லை.

"யாரடி கூப்பிடுற, மூதேவி" என்று கரண்டியை வீசி எறிந்தேன். குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுது ஓய்ந்து எழுந்தபோது கண்ணாடியில் அந்த முதுகு பாதி தெரிந்தது. வேலை பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? வார்டில் யாருக்காவது இப்படி ஒரு முதுகு இருந்திருந்தால் இத்தனை நாள் விட்டிருப்பேனா? மூதேவி என்றுதான் கூப்பிட்டிருப்பேனா? உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினேன்.

"கை வைக்கப்போறேங்க" என்றேன். "பயப்படாதீங்க."

என்னை நானே மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தோளுக்கு மேலே கையை விட்டு, பிறகு இடுப்புப் பக்கமாக வளைத்து, எட்டியவரைக்கும் போட்டேன். நடுவில் ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் எந்தப் பக்கமிருந்தும் கை எட்டவில்லை. "அத நாளைக்குப் பார்ப்போங்க" என்று சமாதானம் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மெத்தென்ற துண்டால் ஒற்றி எடுத்து, சொல்லிவிட்டுத் தொட்டேன். நோயாளிக்கு ஆறிப்போன டீ கொடுக்க மாட்டேன், எனக்கும் கொடுக்கவில்லை. சூடாக, உட்கார்ந்து குடித்தேன். அழுகை வந்தபோது அழுதுகொண்டே குடித்தேன்.

லீவு முடிந்து போனபோது பெரிய சிஸ்டர் என் முதுகைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவால்லையே! சுத்தி எல்லாம் ஆறிடுச்சு. உன் வீட்டுக்காரர் நல்லாத்தான் போட்டிருக்கார். நடுவுல மட்டும் விட்டுட்டார்."

"ஆமாங்க சிஸ்டர்" என்றேன். "விட்டுட்டார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "விட்டுட்டுப் போயிட்டார்."

"ஐயையோ! போயிட்டாரா? எப்பம்மா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

நம் பேச்சில் ஓடிப்போனவருக்கும் செத்துப்போனவருக்கும் ஒரே வார்த்தைதான். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். புருஷன் செத்தவளைப் பார்த்து யாரும் 'நீ என்ன பண்ணின' என்று கேட்க மாட்டார்கள்.

"சாகலைங்க. வேற ஒருத்தி கூட, வேற வீட்டுல நல்லா இருக்கார்."

சிஸ்டர் மறுபடியும் குனிந்து என் முதுகைப் பார்த்தார். "அப்ப இவ்வளவும் யாரு போட்டது?"

"நான்தாங்க."

பின்னால் உள்ளங்கைகள் உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் என்னை 'நீ, வா, போ' என்றே பேசியவர், "கை வைக்கப்போறேங்க" என்றார். நடு இடத்தில் சூடான கை பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். "நாளையிலேருந்து வந்ததும் இங்க வந்துடு, நடுவுல நான் போட்டுவிடறேன். முழுசா ஆறினதும் வார்டுக்குப் போ" என்றார்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் வாய் மறுபடியும் "என்னங்க" என்றது. அவரைத்தான் கூப்பிட்டது, பொய் சொல்வானேன். வீடு அப்படியே கிடந்தது. நான் களிம்பை எடுத்து உள்ளங்கைகளைத் தேய்த்தேன்.

"வந்துட்டேங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. கை சூடாகத்தான் இருந்தது.