ஏணியில் ஏறிய கொத்தனாரம்மா

அந்தச் சிறையின் பெண்கள் பகுதியில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அவர்களைத் திருத்துவதற்கென்று மேலிடம் அனுப்பிவைத்தது காகிதப் பூ. வாரத்தில் மூன்று நாள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வண்ணக் காகிதத்தைச் சுருட்டிக் கம்பியில் கட்டிப் பசை தடவ வேண்டும். செய்த பூக்கள் பெட்டியில் சேர்ந்தன. பெட்டி நிறைந்தால் இன்னொரு பெட்டி வந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

புதிதாக வந்தவள் முதல் நாளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போகப் போகப் பழகிவிடும் என்று பூ ஆசிரியை தேற்றிப் பார்த்தார்.

"பழகிடும்னுதாங்க பயமா இருக்கு," என்றாள் அவள்.

இருபது வருஷம் கட்டட வேலை பார்த்தவள். சித்தாளாகச் சேர்ந்து, செங்கல் சுமந்து, பார்த்துப் பார்த்தே கரணை பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஆண்களுக்குச் சமமாகச் சுவர் பூசியவள். கடைசியாக வேலை செய்த இடத்தில் மேற்பார்வையாளன் ஒருவன் ஒரு சித்தாள் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தான். இவள் பூச்சைச் சமன் செய்யத் தன்னிடமிருந்த மட்டப்பலகையால் ஒரே ஒரு அடிதான் அடித்தாள். அவன் தோள் எலும்பு முறிந்தது. பதினான்கு மாதத் தண்டனை. உள்ளே எல்லோருக்கும் அவள் கொத்தனாரம்மா ஆனாள்.

சீர்திருத்தத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதி, இரண்டு வாரத்துக்கு அவளை யாரும் பார்க்கக்கூடாது என்று சிறைச் சூப்பிரண்டு தடை போட்டார். அது தெரியாமல் அவள் அக்கா இரண்டு பஸ் மாறி வந்து வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொல்லும் வேலை பெண்கள் பகுதியின் தலைமைக் காவலர் அம்மாவின் தலையில் விழுந்தது. அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். அக்கா இரண்டும் செய்யவில்லை. தங்கை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றதும், "அப்ப சரி. அவளா விட்டாத்தான் பிடிவாதம் போகும். நீங்க ஒண்ணும் மெனக்கெடாதீங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பெரிய அறையின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. பெண்கள் பாயைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் எட்டு மாதக் குழந்தை. தலைமைக் காவலர் அம்மா கட்டடத் துறைக்கு அதுவரை பதினோரு கடிதம் எழுதியிருந்தார். பன்னிரண்டாவதை எழுத உட்கார்ந்தபோது கொத்தனாரம்மா பேசினாள்.

"அம்மா, அவங்க வந்தாலும் ஒழுகுற இடத்துலதான் பூசுவாங்க. ஓட்டை அங்க இல்ல. மேல தண்ணித் தொட்டி உக்காந்திருக்கிற திண்டும் தளமும் சேர்ற இடத்துல விரிசல் விட்டிருக்கும். அரை மூட்டை சிமெண்ட்டும் கொஞ்சம் மணலும் ஒரு கரணையும் ஏணியும் குடுங்க. ரெண்டு நாள் போதும்."

தலைமைக் காவலர் அம்மா சூப்பிரண்டிடம் போய்க் கேட்டார். கரணை ஆயுதம், ஏணி தப்பிக்கும் கருவி, இரண்டையும் கைதியிடம் கொடுப்பதற்குத் தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்றார் அவர். மறுநாள் ஒரு பயிற்சிக்காக மூன்று நாள் வெளியூர் போனார். பொறுப்பு தலைமைக் காவலர் அம்மாவிடம் வந்தது.

அம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம். அன்று மாலை முழுக்க யோசித்தார். கடைசியில், வீட்டுக் குளியலறை வேலையில் மிஞ்சிய சிமெண்ட்டையும் மணலையும் கரணையையும் வேனில் ஏற்றும்படி கணவரிடம் சொன்னார். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். "அவனவன் ஜெயிலுக்குள்ள அரம் கடத்துவான். சிமெண்ட் கடத்துற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்," என்று முனகிக்கொண்டே மூட்டையைத் தூக்கினார்.

காலையில் மழை விட்டிருந்தது. அம்மா பூட்டியிருந்த ஏணியை எடுத்து, பதிவேட்டில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொத்தனாரம்மா மேலே ஏறினாள். கலவை தூக்கிக் கொடுக்க இரண்டு பேர் போதும் என்றதற்கு ஒன்பது பேர் கை தூக்கினார்கள். அவள் சொன்ன இடத்திலேயே விரிசல் இருந்தது, விரல் நுழையும் அகலத்தில். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, தூசி தட்டி, நனைத்து, சாந்தைத் திணித்தாள். மொட்டை மாடியிலிருந்து வெளிமதில் ஒரு தாண்டலில் இருந்தது. மதிலுக்கு அந்தப்புறம் சாலை தெரிந்தது, காய்கறி வண்டி போனது. கலவை கொண்டுபோனவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேடிக்கை அப்புறம் பாரு. சாந்து காயுது," என்றாள் கொத்தனாரம்மா.

இரண்டாம் நாள் காலை, ஒரு நாள் முன்னதாகவே சூப்பிரண்டு திரும்பி வந்துவிட்டார். முற்றத்தில் ஏணி, மாடியில் கைதிகள், ஏணியின் காலைப் பிடித்தபடி தலைமைக் காவலர். அவர் முகம் கறுத்தது. உடனே எல்லோரையும் இறக்கச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். கொத்தனாரம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாதியில நிறுத்தினா மறுபடி விரிசல் விட்டுடும் சார். மத்தியானம் வரைக்கும் குடுங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் அடைங்க, நானே நடந்து வரேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து பூச ஆரம்பித்தாள். அவர் தலைமைக் காவலர் பக்கம் திரும்பி, அவளை இறங்கச் சொல்லும்படி உத்தரவிட்டார்.

"நான் சொல்லமாட்டேன் சார்," என்றார் அம்மா. "பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கு. என்ன எழுதணுமோ என் மேல எழுதுங்க. ஏணிய மட்டும் நான் விடமாட்டேன்."

சூப்பிரண்டு எழுதத்தான் செய்தார். அம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. வேலை முடிந்து இறங்கிய கொத்தனாரம்மாவுக்கு ஏழு நாள் தனி அறை. கையைக் கழுவிக்கொண்டு, சொன்னபடி தானே நடந்து போனாள்.

மறுநாள் பூ வகுப்பில் மீதி முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் கத்தவில்லை, கோஷம் போடவில்லை. சூப்பிரண்டு வந்து, வரிசையாக ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கேட்டார். ஒவ்வொருத்தியும் எழுந்து, "பூ வராதுங்க சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எட்டு மாதக் குழந்தையின் தாயை மட்டும் அவர் தனியாக மிரட்டிப் பார்த்தார். மறுபடி கூரை ஒழுகினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு வரலாமா என்று அவள் கேட்டாள். அவர் போய்விட்டார். ஏழு நாளும் ஒரு பூகூடப் பெட்டியில் விழவில்லை.

எட்டாம் நாள், மாதம் ஒரு முறை சிறையைப் பார்வையிட வரும் நீதிபதி வந்தார். வெளியே நல்ல மழை. பெரிய அறையில் நின்று கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. எப்போது சரிசெய்தார்கள் என்று கேட்டார். சூப்பிரண்டு வாய் திறப்பதற்குள் தலைமைக் காவலர் அம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், தன் தப்பையும் சேர்த்து.

நீதிபதி கொத்தனாரம்மாவை வரவழைத்தார். நல்ல வேலைதான் என்றார். செய்த குற்றத்துக்கு வருந்துவதாக ஒரு மனு எழுதிக் கொடுத்தால் தண்டனையில் இரண்டு மாதம் குறைக்கப் பரிந்துரைக்கலாம் என்றும் சொன்னார். அறையே அவளைப் பார்த்தது. ஒப்புக்கொள் என்று தலைமைக் காவலர் அம்மா கண்ணாலேயே கெஞ்சினார்.

"அந்த ஆள அடிச்சதுக்கு வருத்தமில்லீங்க," என்றாள் கொத்தனாரம்மா. "மட்டப்பலகை ரெண்டா உடைஞ்சுபோச்சு. அதுக்கு வேணும்னா எழுதித் தரேன்."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பேட்டில் குனிந்தார். தண்டனை குறையவில்லை. ஆனால் அடுத்த மாதமே செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்குக் கட்டட வேலைப் பயிற்சி என்று உத்தரவு வந்தது. அது தன்னுடைய யோசனை என்று சூப்பிரண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். அம்மாவின் பணிப்பதிவேட்டில் ஏறிய கண்டனம் அப்படியே இருந்தது. அதை நீக்கச் சொல்லி மனுப் போடும்படி கணவர் நச்சரித்தார். கிடக்கட்டும், யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

கொத்தனாரம்மா பதினான்கு மாதத்தையும் முழுதாக இருந்து முடித்தாள். அதற்குள் ஆறு பேர் கரணை பிடிக்கக் கற்றிருந்தார்கள். விடுதலையாகிற அன்று காலை பத்து மணிக்கே கதவைத் திறந்துவிட்டார்கள். சிறைக் குளியலறைச் சுவரில் அவள் பூசிக்கொண்டிருந்த கடைசிப் பூச்சு பாதியில் நின்றது. நேரம் முடிந்தது, கிளம்பு என்று சூப்பிரண்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் காத்திருந்த அக்கா, உள்ளே போடும்போதும் சண்டை, வெளியே விடும்போதும் சண்டையா என்று காவலர்களிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு, முழங்கை வரை சாந்தோடு, கொத்தனாரம்மா வெளியே வந்தாள்.